பதறாத காரியம்

மகாவலிக் கரையை மழை நனைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், பேராதனையிலுள்ள தன் வீட்டிற்கு என்னை அழைத்திருந்தான் என் மாணவனொருவன். காலஞ்சென்ற அவன் தந்தையார் 1980களில் வாங்கிய கணினி, பரணிலிருந்து இறக்கப்பட்டு மேசைமீதிருந்தது. அவர் எழுதிய கட்டுரைகள் யாவும் அருகிலிருந்த நெகிழ்வட்டுக்களிலேயே உள்ளனவாம்.

"சேர், போட்டுப் பார்ப்பமா?" என்று செருகியைக் குதையருகே கொண்டுசென்றான்.

"பொறு தம்பி!" என்று கையைப் பிடித்தேன்.

ஏன் தடுத்தேன் என்பதை வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் மின்வழங்கி 63.5 வாற்று மட்டுமே தரவல்லது. ஒரு மின்குமிழின் அளவுதான். ஆயினும் இத்தகைய பெட்டிகளினுள்ளே நமது 230 வோல்ற்று ஆடலோட்டம் நேரோட்டமாக்கப்படும்போது, ஏறத்தாழ 325 வோல்ற்று கொள்ளளவிகளிலே தேங்குகிறது. செருகியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆதலால் அப்பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை, மாணவர் வேலையன்று.

மின்வாயிலில் உள்ள கடதாசிக் கொள்ளளவிகளின் உறை, வயதேற வெடிப்புறும். வெடிப்பினூடே ஈரம் புகும். மலைநாட்டுக் குளிரீரத்திற் பல்லாண்டு கிடந்த ஒன்றிற்குத் திடீரென மின்னூட்டினால் புகை எழுதல் வியப்பன்று. பின்புறத்து ஆளி 115 வோல்ற்றில் நின்றாலோ, கேடு உடனே விளையும்.

மறுநாள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து, தடையியொன்றினால் மின்னேற்றத்தை இறக்கி, பல்மானியால் உறுதிசெய்துகொண்டார். நான் அஞ்சியவாறே ஒரு கொள்ளளவி வெடித்திருந்தது, அதனை மாற்றினார். பின்னர்க் கணினியின் தாய்ப்பலகையையும் வட்டியக்கிகளையும் கழற்றிவிட்டு, 5 வோல்ற்று வழியில் 2 ஓம் தடையியொன்றைச் சுமையாக இணைத்தார். சுமையின்றேல் பழைய வழங்கிகள் பல ஒழுங்காக இயங்கா. அத்தடையியில் 12.5 வாற்று வெப்பம் பிறக்குமாதலால், 25 வாற்றுத் தாங்குவதையே தெரிந்தெடுத்தார்.

முதல் முறை, இழைமின்குமிழொன்றைத் தொடராக இணைத்தே மின்னூட்டினார். குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கிற்று. ஒளி குன்றாது நின்றிருப்பின் உள்ளே குறுஞ்சுற்று என்று பொருள். அதன்பின் குமிழை நீக்கி அளந்தார். 5 வோல்ற்று வழி 4.75க்கும் 5.25க்கும் இடையே நிற்றல் வேண்டும். மிக ஏறினால் சில்லுகள் கருகும். மானி 5.04 காட்டியது.

அன்றிரவு திரையிலே தந்தையின் முதற் கட்டுரை தோன்றியபோது பையன் பேசவில்லை. அவசரப்பட்டிருந்தால் அவன் கண்டிருப்பது புகையை மட்டுமே. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது மின்சாரத்திற்கும் பொருந்தும்.