சுடக் கத்துக்கணும்னா தோட்டத்துக்கு வராதீங்க, ரேஞ்சுக்குப் போங்க



லீவு விட்டா டவுன்ல இருந்து நம்ம ஊருக்கு வர்ற கார்கள்ல இப்பெல்லாம் ஒரு நீளமான பை இருக்குது. கிரிக்கெட் மட்டை இல்லைங்க, ஏர்கன். "சித்தப்பா, தோட்டத்துல கொஞ்சம் சுட்டுப் பழகிக்கவா? லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை"ன்னு கேக்கறாங்க. சொந்தக்காரப் பசங்க மட்டுமில்லை, நான் எழுதறதைப் படிக்கற ரெண்டு மூணு பேரும் இதையே கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் சொல்றதை விட மொத்தமா எழுதிடறேன்.

சுடறது நல்ல விளையாட்டு. ஆசை இருந்தா கண்டிப்பா கத்துக்கங்க. ஆனா எங்க தோட்டத்துல ஆரம்பிக்காதீங்க. கடையில துப்பாக்கி வாங்கறதுலயும், கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறதுலயும் ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்குப் போங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் தோட்டம் வேண்டாம்கறேன்? டவுன்ல இருந்து வர்றவங்க கண்ணுக்கு எங்க காடு ஆளில்லாத வெட்டவெளி. எனக்கு அப்படி இல்லை. சோளத்தட்டுக்குள்ள ஒரு அம்மா குனிஞ்சு புல்லு அறுத்தா தலை வெளிய தெரியாது. வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கற பையன் படுத்திருப்பான். மோட்டார் போட எந்த நேரத்துல யார் வருவாங்கன்னு கரண்ட்டு வர்ற நேரம்தான் முடிவு பண்ணும். ஏர்கன் குண்டு 4.5 மில்லிமீட்டர்தான். ஒருத்தர் கண்ணு போறதுக்கு அது போதும். கல்லுலயோ கம்பி வேலியிலயோ பட்டுத் திரும்புனா எந்தத் திசைக்குப் போகும்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், குறி. முதல்ல காலி பாட்டிலை வெச்சு ஆரம்பிப்பாங்க. அரை மணி நேரத்துல அலுத்துப் போகும். அப்புறம் கண்ணு மரத்து மேல போகும். மைனா, கிளி, மடையான்னு தேடுவாங்க. இங்கதான் நிறையப் பேரு சட்டத்தைப் பாதி மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. குழல் .177 அளவுக்குள்ள, வேகத்தோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கற ஏர்கனை வெச்சுக்க லைசென்ஸ் வேண்டியதில்லை, சரி. அந்த விலக்கு துப்பாக்கிக்கு மட்டும்தான், பறவையைக் கொல்றதுக்கு இல்லை. அதுக்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தனியா இருக்குது. எங்க கடலைக்காட்டைக் கொத்திக் கிளறற மயில் மேல எனக்கு இல்லாத கோபமா உங்களுக்கு? நானே தகரத்தைத் தட்டிட்டுத்தான் நிக்கறேன்.

சரி, ரேஞ்சுல அப்படி என்ன இருக்குதுன்னு கேப்பீங்க. எங்கண்ணன் மகள் கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப என்.சி.சி.யில .22 ரைஃபிள் பிடிச்சுப் பழகுனா. ஆசை விடலை, ஒரு ரைஃபிள் கிளப்புல சேர்ந்தா. துணைக்குப் போனது நான்தான். முதல் நாள் அவளை ஒரு குண்டு கூட சுட விடலை. எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரம்புனதுன்னே நினைக்கணும். குழல் முனை எப்பவும் குறிப்பலகைப் பக்கமே இருக்கணும். சுடப்போற நேரம் வரைக்கும் விரல் விசைக்குள்ள போகக்கூடாது. குறிப்பலகை கிட்ட யாராவது போனா துப்பாக்கியைத் திறந்து வெச்சுட்டு, தொடாம பின்னால தள்ளி நிக்கணும். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம தின்பண்டத்தைத் தொடக்கூடாது. இதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "ஸ்டாப்"னு ஒரு குரல் வந்தா, விசையில வெச்ச விரலைக் கூட அப்படியே எடுத்துடறாங்க. எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லை. இதை எங்க சோளக்காட்டுல உங்களுக்கு யார் சொல்லித் தருவாங்க?

விளையாட்டும் சினிமாவுல பாக்கற மாதிரி இல்லைங்க. 10 மீட்டர் தூரம். ஏர் ரைஃபிள் குறிப்பலகையில 10 மார்க் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், கம்பு மணியை விடச் சின்னது. போட்டியில 60 குண்டு, 75 நிமிஷம். அஞ்சரை கிலோ வரைக்கும் கனமான ரைஃபிளை நின்னபடி தாங்கி, மூச்சை அளந்து விட்டு, நெஞ்சு துடிக்கறது கூட கைக்குத் தெரியாம பாத்துக்கணும். குண்டே போடாம வெறும் விசையை மட்டும் இழுத்துப் பழகறதும் பயிற்சியில பாதி. கோபக்காரனுக்கும் அவசரக்காரனுக்கும் இங்க மார்க் விழாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லதான்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு பெரிய ஊர்கள்ல ரைஃபிள் கிளப் இருக்குது. 2022ல நடிகர் அஜித் போட்டிக்காகத் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தப்ப கூடுன கூட்டத்தை டி.வி.யில பாத்திருப்பீங்க. அந்தக் கூட்டத்துல பத்துல ஒருத்தர் மறுநாள் போய் சேர்றதுக்கு மனு வாங்கியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். புதுசா வர்றவங்களுக்கு நான் பாத்த கிளப்புல அவங்க துப்பாக்கியே குடுக்கறாங்க. அதனால எடுத்த எடுப்புல காசைக் கொட்ட வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் லட்சத்தைத் தாண்டும். ஆறு மாசம் பழகிட்டு, ஆசை அப்பவும் இருந்தா வாங்கறதைப் பத்தி யோசிங்க.

லைசென்ஸ் வேணுங்கற துப்பாக்கிக்குப் போறதும் அதுக்கு அப்புறம்தான். 21 வயசு நிரம்பியிருக்கணும். மாவட்டத்துல கலெக்டர், பெரிய நகரத்துல போலீஸ் கமிஷனர்தான் லைசென்ஸ் குடுக்கறவங்க. எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும். போலீஸ் விசாரணை வரும். உடம்பும் மனசும் நல்லா இருக்குதுன்னு டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக் கையாளப் படிச்ச சான்று, வீட்டுல எப்படிப் பூட்டி வெப்பீங்கங்கற விவரம், இத்தனையும் கேப்பாங்க. 2019ல சட்டத்தைத் திருத்துனாங்க. லைசென்ஸ் காலம் 3 வருஷமா இருந்தது 5 வருஷமாச்சு. ஒருத்தர் வெச்சுக்கற துப்பாக்கி மூணுல இருந்து ரெண்டாக் குறைஞ்சது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. கல்யாணத்துலயும் திருவிழாவுலயும் வானத்தைப் பாத்துச் சுடறதுக்கு 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

"இவ்வளவு கெடுபிடி எதுக்கு?"ன்னு சிலர் சலிச்சுக்கறாங்க. எனக்குச் சலிப்பு இல்லை. எங்கப்பாகிட்ட பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்குன ஒத்தைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவார். புதுப்பிக்கறதுக்குத் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்னு நடையா நடப்பார். அந்த நடைதான் அவருக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லைன்னு ஞாபகப்படுத்திட்டே இருந்ததுன்னு நினைக்கறேன். அவர் தவறுனதுக்கு அப்புறம் நாங்க யாரும் வெச்சுக்கலை, முறைப்படி ஒப்படைச்சுட்டோம்.

"அப்ப காட்டுப்பன்னிக்கு என்னய்யா பண்றது?"ன்னு எங்க ஊர்க்காரங்களே என்னைப் பிடிச்சுக்குவாங்க. நியாயமான கேள்விதான். ஒரே ராத்திரியில கால் ஏக்கரா கடலையை உழுது போட்டுட்டுப் போனதை நானும் பாத்தவன். ஆனா ஏர்கனால பன்னியைத் தடுக்க முடியாது. காயம் பட்ட பன்னி இன்னும் மோசம். நாட்டுத்துப்பாக்கியில பால்ரஸ் குண்டைப் போட்டு, இருட்டுல புதர் அசைஞ்ச பக்கம் சுடறதும் வழி இல்லை. புதருக்குள்ள இருந்தது மனுசன்னு விடிஞ்சப்புறம் தெரிஞ்ச கதை பேப்பர்ல வந்துட்டேதான் இருக்குது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோட பிடிபட்டா குறைஞ்சது 2 வருஷம் ஜெயில். கடலையும் போய், பையனும் ஜெயிலுக்குப் போனா அந்தக் குடும்பம் எப்படி எந்திரிக்கும்? 2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால பயிரை அழிக்கற பன்னியை வனத்துறை ஆளுங்களே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள்ளன்னா பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. இதைக் காகிதத்துல விடாம சீக்கிரம் செய்யுங்கன்னு நாம சத்தம் போடணும். பன்னிப் பிரச்சினையையும் விளையாட்டையும் ஒண்ணாக் குழப்பிக்கக் கூடாது.

எனக்கு ஒரே ஒரு குறைதாங்க. இந்த விளையாட்டு பெரிய ஊரைத் தாண்டி உள்ள வரலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்குன ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துல கம்பல்வாடிங்கற கிராமத்துப் பையன். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்துல. எங்க கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் கண்ணு கூர்மை, பொறுமையும் உண்டு. பக்கத்துல ரேஞ்சுதான் இல்லை. 10 மீட்டர் ரேஞ்சுக்கு ஏக்கர் கணக்குல இடம் வேண்டாம். நம்ம பக்கம் சும்மா கிடக்கற கோழிப்பண்ணை ஷெட்டு அதை விட நீளம். குண்டைத் தாங்கற தடுப்பு, நாலு ஏர் ரைஃபிள், படிச்ச ஒரு பயிற்சியாளர், பூட்டி வெக்க ஒரு அலமாரி இருந்தா ஒன்றியத்துக்கு ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துலயாவது ஆரம்பிச்சுடலாம். துப்பாக்கின்னா ரவுடி, இல்லைன்னா வேட்டைன்னு மட்டுமே தெரிஞ்சு வளர்ற பையனுக்கு, "ஸ்டாப்"னு சொன்னா விரலை எடுக்கணும்னு பத்து வருஷம் முன்னாலயே தெரிஞ்சிருக்கும்.

அதனால தம்பிகளா, தங்கச்சிகளா, அடுத்த லீவுக்குத் தாராளமா வாங்க. இளநி வெட்டித் தர்றேன், கிணத்துல நீச்சல் அடிக்கலாம். அந்த நீளமான பையை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க. ரேஞ்சுல சேர்ந்துட்டீங்கன்னா உங்க குறிப்பலகைக் காகிதத்தைக் கொண்டு வாங்க, அதை ஆசையா உக்காந்து பாக்கறேன்.