பட்டத்தில் மட்டும் மருத்துவச்சியா?

உங்கள் சொந்தத்திலோ, தெருவிலோ ஒரு நர்ஸ் இருக்கிறாரா? இருந்தால் அவருடைய பதிவுச் சான்றிதழை ஒருதடவை காட்டச் சொல்லிப் பாருங்கள். 'ஆர்.என்., ஆர்.எம்.' என்று இருக்கும். முதலாவது ரெஜிஸ்டர்டு நர்ஸ். சரி. இரண்டாவது? ரெஜிஸ்டர்டு மிட்வைஃப். அதாவது, பதிவு பெற்ற மருத்துவச்சி! அவர் பதிவு செய்திருக்கும் கவுன்சிலின் பெயரே 'தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில்'தான். 1926-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் வழியாக அமைந்தது அது.

இப்போது அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "கடைசியா எப்போ நீங்களே பொறுப்பெடுத்து ஒரு பிரசவத்தை ஆரம்பத்திலேர்ந்து முடிவு வரைக்கும் பார்த்தீங்க?"

பலர் சிரித்துவிடுவார்கள். "காலேஜ்ல படிக்கும்போது பார்த்தது" என்பார்கள். சிலர் ஐ.சி.யூ.-வில் இருப்பார்கள், சிலர் எலும்பு வார்டில். லேபர் வார்டிலேயே வேலை பார்ப்பவர்கூட, "எல்லாம் நாங்கதான் பண்றோம். ஆனா முடிவு எதையும் நாங்க எடுக்க முடியாது" என்பார்.

பட்டத்தில் மருத்துவச்சி, வேலையில் உதவியாள். இந்த இடைவெளியைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனென்றால் இதற்கான விலையைக் கொடுப்பது உங்கள் வீட்டுப் பெண்.

சித்த மருத்துவருக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. எங்கள் பட்டப்படிப்பில் 'சூல், மகளிர் மருத்துவம்' என்று தனிப் பாடமே உண்டு. அதைவிட முக்கியமான காரணம், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். ஏழாம் மாதத்தில் அம்மாவோடு வந்து, "சுகப்பிரசவம் ஆகறதுக்கு ஏதாவது கஷாயம் குடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள். அதே பெண் பிறகு கைக்குழந்தையும் வயிற்றில் தையலுமாக வருவார். முதுகு வலி, பால் பற்றவில்லை, தூக்கம் இல்லை. "ஏம்மா ஆபரேஷன் பண்ணாங்க?" என்றால், பதில் தெரியாது. "வலி சரியா வரலைன்னாங்க... லேட்டாகுதுன்னாங்க..." அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கஷாயமும், எந்த லேகியமும் சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் தராது. வலி எடுத்து, பயந்து, வியர்த்துக் கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் தேர்ந்த கைகளோடும் நிதானத்தோடும் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஈடான மருந்து என் அலமாரியில் இல்லை. யார் அலமாரியிலும் இல்லை!

கணக்கைப் பாருங்கள்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்திருக்கின்றன. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. பெருமைப்பட வேண்டிய சாதனை. சந்தேகமே இல்லை.

ஆனால் அதே 2019-21 கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். 2015-16-ல் இது 34.1. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அகில இந்திய சராசரியோ 21.5தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது என்ன? ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் மரணங்கள் குறைகின்றன. அதற்கு மேல் உயர்ந்தால் மரணங்கள் மேலும் குறைவதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான்.

அவசரப்பட்டு சிசேரியனே பாவம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நஞ்சு கீழிறங்கி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்தால், சிசேரியன்தான் உயிர் காக்கும். டாக்டர் அப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். நான் கவலைப்படுவது, பொறுத்துப் பார்க்க ஆள் இல்லாததால் நடக்கும் சிசேரியன்களைப் பற்றி.

பொறுமைக்கு ஆள் இல்லை

முதல் பிரசவத்தில் வலி நிலைத்த பிறகும் பல மணி நேரம் ஆகும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கர்ப்பப்பை வாய் திறக்க வேண்டும் என்று பல காலம் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம், அந்த வேகம் பல பெண்களுக்குப் பொருந்தாது, அதை மட்டும் காரணமாக வைத்து அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே வலி முழு வேகம் பிடித்ததாகக் கணக்கு. அதன் பிறகும் முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம்.

இப்போது ஒரு சின்ன நர்ஸிங் ஹோமைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஒரு லேடி டாக்டர். வெளியே புறநோயாளிகள் கூட்டம், மாலையில் ஒரு ஆபரேஷன், ராத்திரி வீட்டிலிருந்து போன். அவர் 12 மணி நேரம் ஒரு பெண் பக்கத்தில் உட்கார முடியுமா? அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அது ஒரு ஆள் செய்யக்கூடிய காரியம் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைக்க வருவார்கள் என்ற பயமும் அவருக்கு உண்டு.

நம் பங்கும் இருக்கிறது. ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டு வந்து, "வெள்ளிக்கிழமை காலையில பத்தரைக்குள்ள எடுத்துடுங்க" என்பது யார்? டாக்டரா? நாம்தானே!

பழைய மருத்துவச்சியும் யூடியூப் பிரசவமும்

ஒரு காலத்தில் கிராமத்தில் 'மருத்துவம் பார்த்தாள்' என்றாலே பிரசவம் பார்த்தாள் என்றுதான் அர்த்தம். அந்த மருத்துவச்சிக்குப் பொறுமை இருந்தது, கைப்பக்குவம் இருந்தது. ஆனால் ரத்தம் கிடையாது, சுத்தம் செய்த கருவி கிடையாது, ஜன்னி கண்டால் மருந்து கிடையாது. எத்தனையோ தாய்மார்கள் அந்தக் காலத்தில் செத்துப் போனார்கள். இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நடுராத்திரியில் வண்டி கட்டி அவளை அழைத்து வந்த குடும்பங்களே, விடிந்ததும் சாதியைச் சொல்லி அவளைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்தின. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு இளம்பெண், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ரத்தப்போக்கால் இறந்துபோனார். 'இயற்கை' என்ற பெயரில் நடந்த கொடுமை அது. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு நிமிடக் கணக்கில் உயிரைக் குடிக்கும். இயற்கையை நன்றாக அறிந்தவன் அதற்குப் பயப்படவும் தெரிந்தவன்.

ஒரு பக்கம் தேவையில்லாத கத்தி, இன்னொரு பக்கம் ஆபத்தான அறை. நடுவில் ஒரு வழி இல்லையா? இருக்கிறது.

பதினெட்டு மாதப் படிப்பு

2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிக்கென்று வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. அதன்படி, நர்ஸிங் டிப்ளமாவோ பி.எஸ்ஸி. நர்ஸிங்கோ முடித்து, பிரசவம் பார்த்த அனுபவம் உள்ள நர்ஸ்கள் 18 மாதம் மேல்பயிற்சி பெறலாம். முடித்தவருக்கு 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' என்று பெயர். பெயர் நீளம்தான், நாம் 'பேறுகால நர்ஸ்' என்று வைத்துக்கொள்வோம்.

ஏற்கெனவே நான்கு வருஷம் படித்தவருக்கு இன்னும் 18 மாதம் எதற்கு? நர்ஸிங் படிப்பில் பிரசவம் பல பாடங்களில் ஒன்று. இங்கே அது மட்டும்தான் பாடம். எந்தக் கர்ப்பம் சாதாரணமானது, எது சிக்கலுக்குப் போகிறது என்று பிரித்துப் பார்ப்பது. பொய்வலி எது, மெய்வலி எது என்று அறிவது. படுக்கவே வைக்காமல் நடக்க விட்டு, குந்த வைத்து, பக்கவாட்டில் சாய்த்து, அவளுக்குத் தோதான நிலையில் பிரசவம் பார்ப்பது. எல்லோருக்கும் கீழே வெட்டித் தையல் போடாமல், தேவைப்பட்டால் மட்டும் போடுவது. தொப்புள் கொடியை உடனே வெட்டாமல் குழந்தைக்கு ரத்தம் போய்ச் சேர விடுவது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைப்பது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிவது. 'இது என் எல்லை' என்று சொல்லத் தெரிந்தவள்தான் நல்ல மருத்துவச்சி.

இவர்கள் வேலை செய்வது வீட்டில் அல்ல; மருத்துவமனைக்குள்ளேயே தனிப் பிரிவில். கூப்பிடு தூரத்தில் டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும். சிக்கல் இல்லாத பிரசவம் இவர்கள் பொறுப்பு. சிக்கல் என்றால் டாக்டர் பொறுப்பு. டாக்டருக்கும் நிம்மதி, உண்மையில் ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கு அவருடைய நேரம் முழுசாகக் கிடைக்கும்.

இது ஏதோ புதுக் கனவு இல்லை. சுவீடனில் மூன்று வருஷம் நர்ஸிங் படித்து, அதன்மேல் ஒன்றரை வருஷம் படித்தவரே மருத்துவச்சி. அங்கே 1829-லேயே ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்க்க மருத்துவச்சிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். நம் பக்கத்து தெலங்கானாவில் 2017-ல் கரீம்நகரில் அரசு நர்ஸ்களுக்கு இந்த 18 மாதப் பயிற்சி ஆரம்பமானது. சிசேரியன் 60 சதவீதத்தைத் தொட்ட மாநிலம் அது. தேவை எங்கே அதிகமோ, அங்கேதானே முதலில் விழிப்பு வரும்?

பலன் உண்டா? 17 ஆய்வுகளில் 18,500-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஒரு தொகுப்பு 2024-ல் வெளிவந்தது. கர்ப்பம் முதல் பிரசவம் வரை தெரிந்த மருத்துவச்சிகளே கவனித்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது. ஆயுதப் பிரசவமும் சிசேரியனும் ஓரளவு குறைந்தன. பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் மாறிவிடாது. ஆனால் திசை சரி.

படிக்க வைத்தால் போதாது

இங்கேதான் என் கவலை. 18 மாதம் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, திரும்பி வந்ததும் "ஆள் பத்தலை, கண் வார்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால்? எல்லா வார்டுக்கும் சுழற்சியில் அனுப்புவது நம் மருத்துவமனைகளில் பழக்கம். அப்படிச் செய்தால் 'ஆர்.எம்.' மாதிரி இன்னொரு அலங்கார எழுத்துதான் பெயருக்குப் பின்னால் சேரும்.

மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, இவர்களைப் பிரசவ அறையைவிட்டு மாற்றக் கூடாது. இரண்டு, எதை இவர்களே முடிவு செய்யலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் டாக்டருக்கும் சங்கடம் இல்லை, நர்ஸுக்கும் பயம் இல்லை. மூன்று, தனிப் பதவியும் அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். சம்பளம் கூடாத படிப்புக்கு, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு எந்த நர்ஸ் 18 மாதம் வெளியூர் போவார்?

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்ஸிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தின் பெயரிலேயே மிட்வைஃபரி இடம் பிடித்துவிட்டது. 1947-ன் பழைய சட்டத்தின் பெயரில் நர்ஸிங் மட்டும்தான் இருந்தது. பெயர் வந்துவிட்டது. நாற்காலியும் வர வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தனியார் மருத்துவமனைகள் வாடிக்கையாளர் கேட்பதைத்தான் கொடுக்கும். உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ மருத்துவமனை பார்க்கப் போகும்போது ஏ.சி. ரூம் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

"வலி நேரத்துல பக்கத்துல யார் இருப்பாங்க? அவங்களுக்குப் பிரசவத்துல தனிப் பயிற்சி உண்டா? எழுந்து நடக்க விடுவீங்களா? நாங்க ஒரு பொம்பளை கூட இருக்கலாமா? போன வருஷம் உங்ககிட்ட நடந்த பிரசவத்துல எத்தனை சிசேரியன்?"

முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

நர்ஸ் பரிசோதிக்க வந்தால், "டாக்டர் வரலையா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பயிற்சி பெற்ற பேறுகால நர்ஸ் பார்ப்பது மட்டமான வைத்தியம் அல்ல. சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு அதுவே பொருத்தமான வைத்தியம்.

உங்கள் வீட்டிலேயே நர்ஸிங் முடித்த பெண் இருக்கிறாளா? வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் விண்ணப்பம் போடும்போது இந்தப் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். அவள் சான்றிதழில் 'ஆர்.எம்.' என்ற இரண்டு எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க 18 மாதம்தான் ஆகும்.