பொங்கல் வாழ்த்தும் வெண்டைக்காய் அச்சும்

தை பிறக்கும் முன்பே ஒரு புலம்பல் பிறந்துவிடுகிறது. வாழ்த்து அட்டைகள் வழக்கொழிந்தன, எல்லாம் வாட்ஸப் ஆகிவிட்டது என்பதே அது. அஞ்சலகத்தின் எதிரே கயிற்றில் தொங்கிய அட்டைகளை நாமும் மறக்கவில்லை. பொங்கல் பானை, கரும்பு, காளை, முருகன், எம்ஜிஆர், சிவாஜி; கொஞ்சம் விலை கூடினால் ஜிகினாத்தூள். ஆனால் அந்த அட்டைகளில் நாம் எழுதியதுதான் என்ன? மேலே பெறுபவர் பெயர், கீழே நம் பெயர். நடுவிலிருந்த வாசகம் அச்சகத்தாருடையது. அது போனதற்கு இலக்கிய அன்பர்கள் இவ்வளவு கண்ணீர் விடவேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

அச்சிட்ட வாழ்த்தின் பிறப்பே அப்படிப்பட்டதுதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸுக்குக் குவியும் கடிதங்களுக்குக் கைப்படப் பதில் எழுத நேரமின்றி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி அட்டையாக அச்சிட்டார். இன்னாருக்கு, இன்னாரிடமிருந்து என்று நிரப்ப மட்டும் இடம் விட்டிருந்தார். பிறருக்கு அதன் விலை ஒரு ஷில்லிங். கடிதம் ஒரு பென்னிக்குப் போய்ச் சேர்ந்த காலத்தில் அது பன்னிரண்டு மடங்கு. (படத்தில் ஒரு குழந்தைக்கு ஒயின் புகட்டுவதைக் கண்டு மதுவிலக்குக்காரர்கள் கொதித்தது தனிக்கதை.) ஆக, எழுதாமல் தப்பிக்கவென்றே உண்டானது அந்த அட்டை. இன்றைய வாட்ஸப் பூங்கொத்து அதன் கொள்ளுப்பேரன், அவ்வளவே.

காப்பாற்ற வேண்டியது வேறொன்று: குழந்தைகள் வீட்டில் தாமே செய்யும் அட்டை. அதற்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. பழைய திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கம் போதும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வழவழப்பைத் துணியால் ஒற்றியெடுத்து, வண்ணத்தில் தோய்த்து வைத்தால் பூ. மையில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தால் என்ன வருமென்று இழுப்பவருக்கே தெரியாது. உருளைக்கிழங்கில் எழுத்து வெட்டுவது இன்னும் சுவாரசியமானது (கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்). 'பொ' என்று நேராக வெட்டி அச்சு வைத்தால் கொம்பும் காலும் இடம் மாறி முகம் திருப்பிக்கொள்ளும். நடுவிலுள்ள 'ப' மட்டும் ஏறக்குறையத் தப்பிவிடும். தமிழ் எழுத்தை இத்தனை உன்னிப்பாகப் பார்க்கவைக்கும் பாடம் எந்தப் பாடநூலிலாவது உண்டோ?

இவ்வளவும் கைவேலை. எங்கள் அக்கறை அட்டையின் உட்பக்கத்தைப் பற்றியது. எங்கள் நண்பர் ஒருவரின் ஏழு வயது மகள் எழுதியிருந்தாள்: "பாட்டி, பொங்கல் வாழ்த்து. கரும்பு ஜூஸ் குடி. கடிக்காதே." வீட்டிலிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள், பிறகு அழிரப்பரை எடுத்துக் கொடுத்து, "இனிய தமிழர் திருநாள் நல்வாழ்த்துகள்" என்று எழுதவைத்தார்கள். 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்று பத்து நிமிடம் விவாதமும் நடந்தது. ஒற்று மிகாது என்று முடிவாயிற்று, மிகச்சரி. ஆனால் பாட்டியின் பல்லைப் பற்றி அந்த வீட்டில் கவலைப்பட்ட ஒரே வாக்கியம் அழிந்துபோயிற்று.

அந்த வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. யாருக்கு எழுதுகிறோம் என்ற தெளிவு இருந்தது. பெறுபவரின் உடம்பைப் பற்றிய அறிவும், தானே கண்டுபிடித்த ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தன. சிறுபத்திரிகைக் கவிஞர்கள் சிலரிடம் இதில் பாதி இருந்தாலே நாம் கொண்டாடியிருப்போம். ஒரு குழந்தை தனக்கென ஒரு வாசகரை மனத்தில் வைத்து எழுதும் முதல் பிரதி பெரும்பாலும் இப்படிப்பட்ட அட்டையாகத்தான் இருக்கும். அங்கேயே, உன் சொல் போதாது, ஊரார் சொல்லை எழுது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, பின்னாளில் பிள்ளைகள் தமிழில் நாலு வரி எழுதுவதில்லையே என்று கருத்தரங்கில் வருந்துகிறோம்.

பள்ளிகளில் நடக்கும் வாழ்த்து அட்டைப் போட்டிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே அச்சுப்படத்துக்கு நாற்பது பேர் வண்ணம் தீட்டுகிறார்கள். அட்டைகள் நடுவரிடம் போகின்றன, எந்தப் பாட்டியிடமும் போவதில்லை. இரவில் அம்மா செய்த அட்டைக்கு மகன் பரிசு வாங்குவதும் நாம் அறிந்ததே.

பிழை திருத்தவே கூடாதா என்று கேட்கலாம். முகவரியில் திருத்துங்கள், அஞ்சல் குறியீட்டு எண் சரியாக இருக்கவேண்டும். உள்ளே கைவைக்காதீர்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, குழந்தையையே தூக்கிப்பிடித்துப் பெட்டியில் போடவையுங்கள். டென்மார்க்கில் போஸ்ட்நார்டு நிறுவனம் 2025 டிசம்பரோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நம் தெருக்களில் சிவப்புப் பெட்டி இன்னும் நிற்கிறது.

பெறுகிற தாத்தா பாட்டிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அட்டையைப் படமெடுத்து "கிடைத்தது" என்று வாட்ஸப்பில் அனுப்புவது பதிலாகாது. ஓர் அஞ்சலட்டை வாங்கிக் குழந்தையின் பெயருக்கே எழுதுங்கள். கரும்பைக் கடித்தீர்களா, சாறு குடித்தீர்களா என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.