பொறுப்பைத் தராமல் தலைவர்களைத் தேடும் சமுதாயம்



காஜிமார் தெருவாகட்டும், நெல்பேட்டையாகட்டும், மகபூப்பாளையமாகட்டும், மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர் மஹல்லாவாகட்டும், நம்மவர் நான்கு பேர் கூடினால் ஒரு புலம்பல் தவறாமல் எழுகிறது: "நமக்காகப் பேச ஆளில்லை." மையவாடிக்குப் பாதை கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திற்குச் செல்ல வேண்டியிருக்கும். மனுவை எழுத ஒருவரைத் தேடுவார்கள். அதை எடுத்துச் சொல்ல இன்னொருவரைத் தேடுவார்கள். பட்டம் பெற்ற பிள்ளைகள் மஹல்லாவில் இல்லாமலில்லை. அதிகாரியின் முன் நின்று ஐந்து நிமிடம் கோவையாகப் பேசப் பழகிய பிள்ளைகள்தாம் இல்லை.

தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீடு கல்லூரியில் ஓர் இடத்தைப் பெற்றுத் தரும். கூட்டத்தில் எழுந்து நிற்கும் துணிவையும், பத்துப் பேரை ஒன்றுசேர்த்து ஒரு வேலையை முடிக்கும் திறமையையும் எந்த அரசாணையும் தராது. அவை பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குள், சிறு சிறு பொறுப்புகளைச் சுமந்து பழகுவதால் வருபவை. சரியாக அந்த வயதில்தான் நம் வீடுகள் பிள்ளைகளை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைக்கின்றன.

எட்டாம் வகுப்பு வரை பிள்ளை பேச்சுப் போட்டிக்குப் போகிறான். பரிசு வாங்கி வந்தால் அத்தாவும் அம்மாவும் மகிழ்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும், "பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது, எல்லாவற்றையும் நிறுத்து" என்று சொல்கிறார்கள். தேசிய மாணவர் படையில் சேரப் படிவம் கொண்டுவந்தால் கையொப்பமிட மறுக்கிறார்கள். மகள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர விரும்பினால், "இதெல்லாம் நம் மார்க்கத்திற்குத் தேவையா?" என்ற கேள்வி பதிலாக வருகிறது. மாலைநேர மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. மதிப்பெண்ணைப் பற்றிய அச்சத்திற்கு மார்க்கத்தின் பெயரைப் போர்வையாகப் போர்த்துவதைத்தான் மார்க்கம் ஏற்காது.

பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது?

பல பெற்றோருக்குத் தம் பிள்ளையின் பள்ளியில் என்னென்ன இருக்கின்றன என்பதே தெரியாது. தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பள்ளிப் பருவத்தில் "ஏ" சான்றிதழில் தொடங்கிக் கல்லூரியில் "சி" சான்றிதழ் வரை பெறலாம். "சி" சான்றிதழும் தகுதியான மதிப்பெண்ணும் உள்ள பட்டதாரி, எழுத்துத் தேர்வு இல்லாமலேயே தரைப்படை அதிகாரிக்கான தேர்வு வாரிய நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அமைப்பு. முகாமில் ஒரு கிராமத்தில் தங்கித் தெருவைத் தூய்மை செய்கிறார்கள், மரம் நடுகிறார்கள், வீடு வீடாகச் சென்று மக்களிடம் பேசுகிறார்கள். தனக்காக வாழாமல் பிறருக்காக வாழ் என்பதே அதன் அடிப்படை. தமக்குத் தேவை இருந்தும் முஹாஜிர்களுக்கு முன்னுரிமை தந்த அன்ஸாரிகளை அல்லாஹ் அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் புகழ்கிறானே, அந்த ஈஸார் எனும் பண்பை மத்ரஸாவில் விளக்கம் சொல்லிக் கற்பிக்கிறோம். அதைக் கையால் செய்து பார்க்க ஒரு வாய்ப்புத் தேடி வந்தால் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி கற்றுத் தருகிறது. சாரணர் இயக்கம் கட்டுப்பாட்டைப் பழக்குகிறது. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை செல்கிறது. 2024இல் வந்த மகிழ் முற்றம் திட்டத்தில் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்களாகப் பிரித்து, மாணவர்களையே தலைவர்களாக்குகிறார்கள். இவற்றுக்குப் பெருஞ்செலவு கிடையாது. தனியார் பள்ளியில் பணம் கட்டிப் பெறும் பயிற்சி, அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையின் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஏற்க மறுப்பது நாம்தான்.

உஸாமாவின் படை

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, ஷாம் நோக்கிப் புறப்பட வேண்டிய படைக்கு உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தளபதியாக நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. மூத்த ஸஹாபாக்கள் அந்தப் படையில் இருந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு குறை சொன்னீர்கள், அவரும் அதற்குத் தகுதியானவராகவே இருந்தார், இவரும் அவ்வாறே என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்ததை புகாரியில் காண்கிறோம். நபியவர்களின் மறைவுக்குப் பின் அதே படையை அனுப்பியபோது, கலீஃபா அபூபக்ர் (ரலி) உஸாமாவின் வாகனத்தோடு நடந்தே சென்று வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு விட்டுச் செல்லுமாறு அந்த இளைஞரிடம் அனுமதியும் கேட்டார்கள்.

இந்த வரலாற்றைப் பயானில் பலமுறை கேட்டிருப்போம். இதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியைத்தான் அதிகம் கேட்பதில்லை. ஜுஹைனா கோத்திரத்தின் ஒரு பிரிவினருக்கு எதிரான பயணத்தில், கலிமா சொல்லிவிட்ட ஒருவரை, அச்சத்தால் சொன்னார் என்று கருதி உஸாமா கொன்றுவிட்டார். நபியவர்கள் அவரை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அன்றுதான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கும் அளவுக்கு அக்கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. பின்னாளில் படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அதே உஸாமாதான். பொறுப்புக் கொடுப்பது, தவறினால் திருத்துவது, திருந்தியபின் பெரிய பொறுப்பைக் கொடுப்பது என்பதே நபிவழிப் பயிற்சி. நாமோ முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். தவறிவிடுவான் என்று பயந்து எதையும் கொடுப்பதில்லை. எதையும் செய்யாதவன் எதையும் கற்பதுமில்லை.

அம்ர் பின் ஸலமா (ரலி) ஆறேழு வயதில் தம் கோத்திரத்தாருக்கு இமாமாக நின்றதையும் புகாரியில் காண்கிறோம். கூட்டத்தில் அதிகம் குர்ஆன் அறிந்தவர் அந்தச் சிறுவர்தாம். அவருடைய ஆடை குட்டையாக இருந்ததால் ஸஜ்தாவில் விலகியது. அதற்காக அம்மக்கள் அவரை இமாமத்திலிருந்து விலக்கவில்லை. துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போல் வேறெதற்கும் தாம் மகிழ்ந்ததில்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். குறையைக் கண்டால் நீக்கிவிடுவது ஒரு வழி. சட்டை தைத்துக் கொடுப்பது இன்னொரு வழி. நம் மஹல்லாக்கள் எந்த வழியில் நிற்கின்றன?

சொல்லப்படும் காரணங்கள்

"தலைமையைக் கேட்டுப் பெறாதே என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அவ்வாறு அறிவுரை கூறியது உண்மை. பதவி ஆசையைத்தான் அந்த ஹதீஸ் கண்டிக்கிறது. கேட்காமல் வரும் பொறுப்புக்கு அல்லாஹ்வின் உதவி உண்டு என்ற நற்செய்தியும் அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் அழைத்து, "நீ குழுத் தலைவனாக இரு" என்று சொல்வது கேட்காமல் வரும் பொறுப்புத்தானே? யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைக் காக்கும் பொறுப்பைத் தாமே முன்வந்து ஏற்றதையும், அதற்குத் தம் அறிவையும் நாணயத்தையும் காரணமாகச் சொன்னதையும் குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஆற்றல் உள்ளவர் ஒதுங்கினால் மக்கள் பசியால் வாடுவார்கள் என்ற நிலையில் ஒதுங்குவது பேணுதலாகாது.

"மதிப்பெண் குறைந்துவிடும்" என்பது அடுத்த காரணம். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தால் மதிப்பெண் சரியும் என்று அஞ்சும் வீடுகளில், அதே பிள்ளையின் கையில் இரவு பதினொரு மணி வரை கைப்பேசி இருக்கிறது. அதைப் பறிக்க மனமில்லாதவர்கள் அணிவகுப்பை நிறுத்துகிறார்கள். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் முகாம்களையும் போட்டிகளையும் குறைத்துக்கொள்ளச் சொல்வது நியாயம். அதைக் காரணம் காட்டி நான்கு ஆண்டுகளையும் வெறுமையாக்குவது நியாயமில்லை.

மூன்றாவது காரணத்தை மட்டும் மரியாதையோடு அணுக வேண்டும். "ஆட்டம், சினிமாப் பாட்டு, ஆடைக் கட்டுப்பாடு, ஜும்ஆ நேரத்தில் ஒத்திகை, பெண் பிள்ளை வெளியூரில் தங்குவது" என்று பெற்றோர் கவலைப்படுவது ஈமானின் அடையாளம். ஆயினும் ஒரு கதவில் தடை இருப்பதால் வீட்டையே பூட்டத் தேவையில்லை. கலைத் திருவிழாவில் நடனம் இருப்பதுபோல் பேச்சு, கட்டுரை, கவிதை போன்ற மொழித்திறன் போட்டிகளும் உண்டு. ஜும்ஆ நேரத்தில் ஒத்திகை வேண்டாம் என்று தலைமையாசிரியருக்குப் பெற்றோர் ஒரு கடிதம் எழுதலாம். மகளின் உடை பற்றி ஆசிரியையிடம் நேரில் பேசலாம். முகாமில் பெண் ஆசிரியைகள் யார், தங்குமிடம் எது என்று கேட்டறியலாம். மனம் ஒப்பவில்லையென்றால் இரவு தங்காத பணிகளில் மட்டும் சேர்க்கலாம். இவ்வளவு வழிகள் இருக்க, கேட்காமலேயே மறுப்பது சோம்பல்.

பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பவர்கள் உம்மு அத்திய்யா (ரலி) அவர்களை நினைக்கட்டும். நபியவர்களுடன் ஏழு போர்ப் பயணங்களில் சென்று, உணவு சமைத்து, காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயுற்றோரைக் கவனித்தவர் அவர். ருஃபைதா (ரலி) அவர்களின் சிகிச்சைக் கூடாரம் நபியவர்களின் பள்ளிவாசல் வளாகத்திலேயே இருந்தது. முதலுதவி கற்கும் நம் மகள் அவர்களுடைய பாதையில்தான் நடக்கிறாள்.

பேட்டையில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை மேடைதோறும் புகழ்கிறோம். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், 1909இல், பதின்மூன்று வயதில், இளைஞர்களுக்கான ஒரு முஸ்லிம் சங்கத்தைத் தம் ஊரில் தொடங்கினார். இன்றைய கணக்கில் அது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வயது. "படிப்பு கெட்டுவிடும்" என்று அன்று அவரைத் தடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1946 முதல் 1952 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவரும், அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடியவரும், பின்னர் மாநிலங்களவையிலும் மக்களவையிலும் அமர்ந்தவரும் ஒரே நாளில் உருவானவர் அல்லர். சிறுவர்களைக் கூட்டிப் பேசிப் பழகிய அந்தப் பேட்டைத் தெருவில் தொடங்கியவர் அவர். அவருடைய பெயரை மண்டபத்திற்குச் சூட்டிவிட்டு, அவருடைய வயதுப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம்.

ஆலிம்களுக்கும் ஜமாஅத்தினருக்கும்

என் சக உஸ்தாதுமார்களுக்குச் சொல்கிறேன். அரபுக் கல்லூரிகளில் வியாழன் இரவுகளில் நடக்கும் மாணவர் மன்றங்களில் தடுமாறித் தடுமாறித்தான் இன்று மிம்பரில் நிற்கும் பலர் பேசப் பழகினார்கள். நமக்குக் கிடைத்த பயிற்சி பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மட்டும் வீண் வேலையாகிவிடுமா? அணிவகுப்பு முடிந்து தாமதமாக வருபவனை மற்றவர் முன் ஏசாதீர்கள். அவனுடைய ஸபக்கை மஃரிபுக்குப் பின்போ, ஞாயிறு காலையிலோ கேளுங்கள். மத்ரஸாவா, பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளினால் பெரும்பாலும் மத்ரஸாவே தோற்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நாற்காலி தூக்கவும் ரமளானில் நோன்புக் கஞ்சி வாளி சுமக்கவும் மட்டும் அழைக்கிறீர்கள். கஞ்சிக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு செலவு, யார் யார் நன்கொடை தந்தார்கள் என்ற கணக்கை இந்த ரமளானில் அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒரு பெரியவர் மேற்பார்வையிடட்டும். பெருநாளுக்குப் பின் அவர்களே எழுந்து ஜமாஅத் முன் கணக்கு வாசிக்கட்டும். மஹல்லாவின் ஏழை வீடுகளைப் பற்றிய விவரத்தை மாணவியர் பெண்களிடம் கேட்டுத் தொகுத்துத் தரட்டும். ஆண்டுப் பொதுக்குழுவில் மாணவர் இருவருக்கு ஐந்து நிமிடம் பேச இடம் கொடுங்கள். தவறு நேர்ந்தால் திருத்துங்கள், விலக்காதீர்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு பொறுப்பான பணியில் தொடர்ந்து இருக்கட்டும். எது என்பதை அவனோ அவளோ முடிவு செய்யட்டும். தொழுகையும் ஒழுக்கமும் தவறாமல் பார்ப்பது உங்கள் கடமை. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தான் என்பதோடு அந்த விசாரணை முடிந்துவிடாது. அல்லாஹ் அந்தப் பிள்ளையிடம் வைத்த ஆற்றலை வளர்த்தோமா, புதைத்தோமா என்பதும் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை மக்களுக்குப் பயன்படுபவர்களாகவும், அமானிதத்தைச் சுமக்கும் வலிமையுள்ளவர்களாகவும் ஆக்குவாயாக! அவர்களை நம்பும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.