தொண்டின் அளவுகோல் யாது?

தொண்டு என்னும் சொல் பணிவு, அடிமை, பிறர்க்குழைத்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே உடையது. தொண்டன் என்பான் பணிசெய்பவனேயன்றிப் பணிகொள்பவன் அல்லன். இவ்வடிப்படை மறக்கப்படுங்கால் தொண்டு வெறுங் காட்சியாகிவிடுகின்றது. கிறித்தவத் திருப்பணிப் பயணங்கள் குறித்து எழும் வாதங்கள் பலவற்றுக்கும் இம்மறதியே காரணம் எனலாம்.

இவ்வாதங்களில் இரு சாரார் உளர். ஒரு சாரார் கட்டிய பள்ளிகளையும் பகிர்ந்த பொதிகளையும் திருமுழுக்குப் பெற்றோரையும் எண்ணிக் காட்டிப் பெருமிதங்கொள்வர். மற்றொரு சாரார் அவை யாவும் மதமாற்றத்துக்கு இட்ட தூண்டில் என ஒரே சொல்லில் ஒதுக்குவர். ஒருவர்க்கொருவர் பகைவர்போல் தோன்றினும் இருவர் பிழையும் ஒன்றே. நிறுவனத்தையும் விளைவையும் நோக்கும் இவர்கள், சாதாரணமான ஒரு நாளில், தன் முன்னே நின்ற மனிதனை வந்தவன் எவ்வாறு நடத்தினான் என்பதைக் கேட்பதில்லை.

யாழ்ப்பாண வரலாறு இக்கேள்விக்கு விடை தரவல்லது. அமெரிக்க மிசன் 1816இல் இங்குப் பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. வரலாற்று நூல்கள் இவ்வாண்டுகளைத் தவறாது குறிக்கும். ஆனால் 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையாரின் பணியை எந்த ஆண்டில் அடக்குவது? 1883இல் மறையும்வரை, ஏறத்தாழ 43 ஆண்டுகள், ஒருமுறையேனும் தாய்நாடு செல்லாது இம்மண்ணிலேயே வாழ்ந்தவர் அவர். 'ஆயிரம் புதல்வியரின் அன்னை' என்னும் பெயர் அவருக்கு ஒரு விழா மேடையில் கிடைத்ததன்று. பிறர் பிள்ளைகளோடு நாடோறும் கழித்த வாழ்க்கையால் வந்தது.

1847இல் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த டாக்குத்தர் சாமுவேல் கிறீனும் இவ்வகையினரே. மேலைமருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய தமிழ் மருத்துவ நூற்பக்கங்கள் 4000க்கும் மேற்பட்டவை. அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கும் மேற்பட்டோர். மாணாக்கர் தம் நாட்டுடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடையை நாடியதை அவர் விரும்பவில்லை. 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை அவர் விட்டாரில்லை. எங்கே நோகின்றது என நோயாளியை அவன் மொழியிற் கேட்பது சிறு செயலே. அச்சிறு செயலுக்காக ஒருவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதே இங்கு உணரற்பாலது.

கிறீன் சமயம் பரப்பவே வந்தார் என்று ஆட்சேபிப்பார் உளர். அது உண்மையே, அதனை அவர் மறைத்ததுமில்லை. தமிழர்க்கு வந்த மருத்துவ சுவிசேஷகர் எனத் தம் கல்லறையிற் பொறிக்கப்படல் வேண்டுமென விரும்பியவர் அவர். கல்வியும் உத்தியோகமும் மதத்துக்கு விலையாக்கப்பட்ட இடங்களில் ஆறுமுக நாவலர் கொண்ட சினமும் நியாயமானதே. அந்நாவலரே 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். எனவே சைவர்க்கும் கிறித்தவர்க்கும் அளவுகோல் ஒன்றே: கொடுக்குங் கணத்திற் கொடுப்பவன் பெறுபவனிடம் எதையேனும் கேட்கின்றானா? கேட்பின் அது வாணிபம். கேளாதுவிடின் அது தொண்டு.

விவிலியம் கூறும் நல்ல சமாரியன் கதையும் இதனையே உணர்த்துகின்றது. அவன் தொண்டு செய்யப் புறப்பட்டவன் அல்லன். தன் காரியமாக வழிப்பயணம் போனவன். யூதரும் சமாரியரும் தம்முட் கலவாதிருந்த காலத்தில், அடிபட்டுக் கிடந்தவனின் குலத்தையோ கொள்கையையோ அவன் வினவவில்லை. காயத்தைக் கட்டினான், தன் விலங்கின்மேல் ஏற்றினான், சத்திரத்திற் பணங்கொடுத்து, மேற்செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றான். அன்பு திட்டத்தில் அன்று, வழியிற் குறுக்கிட்ட கணத்திலே வெளிப்பட்டது.

இவ்வளவுகோலை இக்காலக் குறும்பயணங்களுக்கு இட்டுப் பார்த்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை அழித்தபின் வெளிநாட்டுக் குழுக்கள் பல வந்தன. உண்மையாக உழைத்தோரை இகழ்தல் நன்றியின்மையாகும். ஆயினும், பத்து நாளில் வந்து மீளும் பயணங்களில் எங்கும் காணத்தக்க நோயொன்று உண்டு. உள்ளூர்த் தொழிலாளி கூலி பெற்றுப் பூசியிருக்கக்கூடிய சுவரை விருந்தினர் பூசுகின்றனர். பெயர் கேளாமலே குழந்தையைத் தூக்கிப் படம் எடுக்கின்றனர். துன்புற்றவன் துயரம் வந்தவனின் ஆன்ம அனுபவத்துக்கு மூலப்பொருளாகின்றது. இதனை அன்பு என்றல் தகாது.

எல்லோரும் 43 ஆண்டுகள் தங்க இயலுமோ எனின், இயலாது, தங்க வேண்டுவதுமில்லை. நாட்களின் தொகையன்று, நாளின் தன்மையே கருதற்பாலது. பத்து நாட்களிலும் ஒருவன் அவ்வூர் மொழியிற் சில சொற்கள் கற்கலாம். இட்ட உணவை முகங்கோணாது உண்டு, உண்ட கலத்தைத் தானே கழுவலாம். தனித்திருக்கும் முதியவரின் நீண்ட கதையை இறுதிவரை கேட்கலாம். ஊரார் ஒருவரின் ஏவலின் கீழ் மண் சுமக்கலாம். சீடர் பாதங்களை இயேசு கழுவியது வீட்டுப் பணியாளன் செய்யும் வேலையே. அவ்வேலையைச் செய்ய நாணுபவன் அவர் பெயராற் பயணம் போவது முரண்பாடாகும்.

இவ்வாதம் மிசனரிமாருக்கு மட்டும் உரியதன்று. பதாகை கட்டிச் சிரமதானத்துக்குப் புறப்படும் பல்கலைக்கழக மாணவர்க்கும் இது பொருந்தும். கிராமத்துக்குச் சென்று வந்தவர் அக்கிராமத்தாரில் எத்தனை பேரின் பெயரை நினைவில் வைத்துள்ளார்? மாணவர் விடுதியில் நாடோறும் உணவு பரிமாறுபவரின் பெயரை அறியாதவர், தொலைவிலுள்ள ஏழைக்கு அன்பு காட்டப் பயணம் போவது எவ்வாறு? பயணம் புதிய அன்பை உண்டாக்குவதில்லை. வீட்டிலும் விடுதியிலும் உள்ள அன்பு எத்தகையதென்பதை அது வெளிப்படுத்துகின்றது, அவ்வளவே.