தாயா, பிள்ளையா?

படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு வைத்தியர் வெளியே வருவார். தாய், பிள்ளை இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம், யார் வேண்டும் என்று கணவனைக் கேட்பார். அவன் சுவரில் சாய்வான். எங்கள் உம்மும்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அந்தக் கேள்வியே பிழை என்பது என் கருத்து. அதிலும் கர்ப்பிணி ஒருவரின் இதயம் திடீரென நின்றுபோன நேரத்தில் அதைவிடப் பிழையான கேள்வி வேறில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோழிகளுக்குக் காரணம் இலகுவில் விளங்கும். 20 வாரமளவில் கருப்பை தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. தாயை மல்லாக்கக் கிடத்தினால் அந்தப் பாரம் கீழ்ப் பெருநாளத்தையும் தொகுதிப் பெருநாடியையும் முள்ளந்தண்டோடு சேர்த்து நசுக்கும். கீழுடலின் குருதி இதயத்துக்குத் திரும்பாது. இதயத்துக்கு வராத குருதியை, நெஞ்சை எவ்வளவு அழுத்தினாலும் மூளைக்கு அனுப்ப முடியாது. குழந்தையை எடுத்துவிட்டால் நாளம் திறக்கிறது. சுருங்கும் கருப்பையிலிருந்த குருதியும் தாய்க்கே வந்து சேருகிறது. ஆக, அந்தக் கத்தி பிள்ளைக்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. அது தாய்க்கான சிகிச்சை.

உலகம் இதை விளங்கிக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. இறந்த தாயின் வயிற்றில் பிள்ளையை விட்டு அடக்கக் கூடாது என்று பண்டைய ரோமச் சட்டம் சொன்னது. எங்கள் ஷாபிஈ மத்ஹபின் இமாம்களும், பிள்ளை உயிர்வாழும் என்ற நம்பிக்கை இருந்தால் ஜனாஸாவின் வயிற்றைக் கீறி எடுக்கலாம் என்றார்கள். மையித்தின் கண்ணியத்தைவிட உயிர் பெரிது என்ற அந்தத் தீர்ப்பு எனக்குப் பெருமை தருகிறது. ஆனாலும் அன்று கத்தி, மரணம் உறுதியாகும் வரை காத்திருந்தது. இன்று காத்திருக்கவே கூடாது. 1986 இல் கட்ஸ் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், 4 நிமிடத்துக்குள் இதயம் திரும்பாவிட்டால் கீறத் தொடங்கி 5 ஆவது நிமிடத்தில் பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார்கள். 2005 இல் அவர்களே பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தாயின் நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் விபரமாகக் குறிக்கப்பட்ட 18 பேரில் 12 பேருக்குப் பிள்ளையை எடுத்த பிறகே அவை திரும்பியிருந்தன. பின்னர் பிரித்தானியாவில் நடந்த ஆய்வில், உயிர் பிழைத்த தாய்மாருக்கு இதற்கு எடுத்த இடைநிலை நேரம் 3 நிமிடம். இறந்தவர்களுக்கு 12 நிமிடம்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு போவதுகூட நேர விரயம் என்கிறார்கள். விழுந்த இடத்திலேயே, கையில் கிடைக்கும் ஒரு கத்தியோடு. கணவனைத் தேடிக் கையொப்பம் வாங்குவதற்கு இதில் இடமே இல்லை.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் வட்டவளைதான் நினைவுக்கு வருகிறது. மழைக்குப் பெயர்போன ஊர். மேல் டிவிஷன் லயத்திலிருந்து ஹட்டன் வீதிக்கு இறங்கி வரவே 4 நிமிடம் போதாது. 1990 அம்பியுலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் கட்டடம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அந்தக் கணக்கு மாறாது. எனவே எங்கள் ஊருக்கு அந்த 4 நிமிடம் இதயம் நிற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, கிளினிக்கில் தொடங்க வேண்டும்.

இலங்கையில் தாய்மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இதயநோயும் ஒன்று. முதல் கிளினிக்கிலேயே வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது அதனால்தான். ஆபத்துள்ள தாயை நேரத்தோடு பெரிய வைத்தியசாலையில் தங்க வைக்கலாம். அங்கே 4 நிமிடத்துக்குள் ஆள் உண்டு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதாமாதம் ஊசி போட்ட பிள்ளை, வால்வில் குறையுள்ள பிள்ளை என்றால், கலியாணம் பேசும்போது வாயே திறப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதாம். பிறகு மாமியார் கூடவே கிளினிக்குக்கு வருகிறார். குடும்ப நல உத்தியோகத்தர், "முந்தி ஏதும் நோய் இருந்ததா?" என்று கேட்க, அந்தப் பெண் தலையை ஆட்டி இல்லை என்கிறாள். பெற்றோர்கள் என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை. மகளின் மானத்தைக் காப்பதாக நினைத்து அவளுடைய உயிரை ஈடு வைக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது உங்கள் விருப்பம். கிளினிக்கில் சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. முதலுதவிப் பயிற்சிக்குப் பாவிக்கும் பொம்மைகளுக்கு வயிறு தட்டை. எங்கள் கல்லூரியில் அடுத்த முறை பயிற்சி நடக்கும்போது அதன் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டுவோம். ஒருத்தி 1990க்கு அழைக்கட்டும், ஒருத்தி நெஞ்சை அழுத்தட்டும், இன்னொருத்தி இரண்டு கைகளாலும் அந்த வயிற்றைத் தாயின் இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்கட்டும். நாளத்தின் மேலுள்ள பாரம் அதனால் ஓரளவு குறையும். அதற்குக் கத்தி தேவையில்லை, பட்டமும் தேவையில்லை.