வெண்பனியும் வெண்முகிலும்

வெண்மைக்குள் வெண்மையைத் தேடுவது எத்துணைக் கடினம் என அறிய விரும்பும் மாணவர், சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளைச் செய்மதி எடுத்த மாரிகாலப் படமொன்றைப் பார்ப்பாராக. சிகரத்திற் படிந்த பனி எது, அதன்மேல் மிதக்கும் முகில் எது எனப் பிரித்தறிய நம் கண்களால் இயலாது.

இது வெறும் வேடிக்கையன்று. அந்நாட்டு மின்சாரத்திற் பாதிக்கு மேற்பட்டது நீர்வலுவினாற் கிடைப்பது. வசந்தத்திற் பனி எப்போது உருகும், அணைக்கு எவ்வளவு நீர் வரும் என முன்னறிய, பனிமீது விழும் வெயிலின் அளவு தெரிதல் வேண்டும். சரிவுதோறும் அளவுகருவி நாட்டுவது நடவாத காரியம். நாட்டினாலும் பனி அதனை மூடிவிடும். ஆகவே, பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் மீற்றியோசற் செய்மதிகளின் உதவியை அறிஞர் நாடினர்.

செய்மதி, நிலத்தில் விழும் வெயிலை நேரே அளப்பதில்லை. பூமியிலிருந்து தெறித்துவரும் ஒளியையே காண்கிறது. கடலும் காடும் இருண்டவை. அவற்றின்மேல் ஒளி மிகுந்து தோன்றினால், அங்கே முகில் உண்டு, வெயில் குறைவு எனக் கணிக்கலாம். பனிமலையில் இக்கணக்கு தலைகீழாகிவிடும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கைத் தெறித்துவிடுவது. ஆதலின் முகிலே இல்லாத நல்ல வெயில் நாளையும் மந்தார நாள் என அக்கணக்கு எழுதிவிடும். பனி உருகாது என நம்பி அணையை நிறைத்து வைத்திருப்பவர், வெள்ளம் வந்தபின் விழிக்க நேரும்!

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. 1.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ்க் கதிரைப் பனிப்பளிங்குகள் விழுங்கிவிடுகின்றன. ஆகவே அக்கதிரிற் பார்த்தால் பனி கரியதாய்த் தோன்றும். நுண்ணிய நீர்த்துளிகளாலான முகிலோ வெண்மை மாறாது நிற்கும். 2002 முதல் ஏவப்பட்ட இரண்டாந் தலைமுறை மீற்றியோசற் செய்மதிகள், இவ்வலைநீளத்திலும் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. உயரத்தே திரியும் கீற்று முகில்கள் பனிப்பளிங்காலானவை. அவை இச்சோதனைக்குத் தப்பினாலும் அவற்றின் கடுங்குளிர் பெரும்பாலும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகிலைப் பிரித்தபின்பும் வேலை தீர்வதில்லை. தென்சரிவு வெயிலிற் குளிக்க, வடசரிவு மலைநிழலிற் கிடக்கும். பனியிலிருந்து மேலெழும் ஒளியும் முகிலிற் பட்டு மீண்டும் கீழிறங்கும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தே, இவ்விடத்து இவ்வளவு வெயில் என்கின்றனர்.

வெயிலைத் தேடி மின்சாரமும் இப்போது மலையேறிவிட்டது. ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரத்திலுள்ள முற்சே அணைச்சுவரில், சூரிய மின்தகடுகள் ஏறக்குறைய 5,000 பொருத்தப்பட்டு, 2022 இல் வேலை நிறைவெய்தியது. கீழே சமவெளி மூடுபனியில் மூழ்கியிருக்கும் மாரிநாட்களிலும், முகிலுக்கு மேலே நிற்கும் அத்தகடுகள் வானத்து வெயிலோடு பனி தெறிக்கும் ஒளியையும் பருகுகின்றன.